அந்தக் கதவை வைத்தவன் நான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாரும் குத்தகைக்கு எடுக்க முன்வராத சேற்று நிலத்தை மிதித்து இறுக்கி, வரப்புக் கட்டி, பாத்தி போட்டு, மரக்காணத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி வெள்ளை உப்பு எடுத்தேன். புயல் வந்து வரப்பையெல்லாம் வாரிக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினேன். எந்த இன்ஜினீயரும் வரைபடம் போட்டுத் தராத ஒரு உப்புக் கொட்டகை கட்டினேன், அடுத்த புயலில் பக்கத்துக் கொட்டகைகளின் கூரை பறந்தபோது என்னுடையது அசையவில்லை. குடியிருக்க மாடி வீடு கட்டினேன். கோயிலுக்கு மதில் எழுப்பினேன்.

இவற்றுக்கு நடுவில் ஒரு பொம்மை வீடும் கட்டினேன். என் முழங்காலுக்கு மேல் கொஞ்சம் உயரம். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, முன்னால் ஒரு கதவு.

நான் கட்டியதிலேயே பரிசு வாங்கியது அது ஒன்றுதான். பரிசை வாங்கிக்கொண்டவர் என் சம்பந்தி.

போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பொழுது சாயும் நேரம். பெரிய முதலியார்சாவடியில் சம்பந்தி வீட்டு வாசல். பங்குச் சாமியாரும் குடில் போட்டிக்கு மார்க் போடுகிற இரண்டு அம்மாக்களும் அந்தப் பொம்மை வீட்டுக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்கள். "மாஸ்டர், பிரமாதம்!" என்று சாமியார் சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அவர்களுக்குப் பின்னால், கல்கல் பலகாரமும் கேக்கும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் நான்.

அந்தத் தட்டின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

குயிலாப்பாளையத்துக் கண்ணாடி

என் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் சேராத வயது. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு உப்பு மூட்டை போடப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் ஒரு கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்மை வீடு. மாடிப்படி, கட்டில், கையகலத்தில் சமையல் மேடை, எல்லாம் உண்டு. கதவு மட்டும் சாத்தியிருந்தது.

ஸ்டெல்லா உள்ளே ஓடிப்போய் அந்தக் கதவில் விரலை வைத்தாள். கடையில் இருந்த பையன் பாய்ந்து வந்தான்.

"ஏம்பா, குழந்தைய புடிங்க. தொடக் கூடாது அதெல்லாம்."

"தெறந்து பாக்கட்டுமே. தின்னுடவா போவுது?"

"வாங்குறவங்களுக்குத்தான் தெறந்து காட்டுவோம்ங்க."

வாங்குகிறவன் மூஞ்சி எனக்கு இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. காலெல்லாம் உப்புச் சேறு. வண்டியில் ஏறியதும் ஸ்டெல்லா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த வூட்டு கதவு தெறக்கவே தெறக்காதாப்பா?"

வீடு கேட்டு அழுதிருந்தால் கூட மறந்திருப்பேன். கதவைக் கேட்டாள். அது எனக்குள் மாட்டிக்கொண்டது.

உப்புக் குடித்த பலகை

மழைக் காலத்தில் உப்பளக்காரனுக்கு வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளமாக நிற்கும். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வருவது எப்போதும் அந்த வெறுங்கைக் காலத்தில்தான். ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும்போது நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மழையில்தான் வேலையை எடுத்தேன். உப்பை வாரி ஒதுக்குகிற பலகைகள் தேய்ந்துபோய்க் கொட்டகையில் கிடந்தன. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறிய மரம். கரையான் கிட்டே வராது. ஆனால் அந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் அதற்கு வியர்க்கும். அதில் இரும்பு ஆணி துருப்பிடித்துப்போகும். பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். பசை நிற்கவே நிற்காது.

அதனால் ஆணி அடிக்கவில்லை, பசை தொடவில்லை. மூங்கிலைச் சீவிச் சீவி முளை அடித்தேன். பக்கத்து வீட்டுத் தச்சன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா சவரிமுத்து, கோழிக் கூண்டா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். அவன் செய்த மேஜை அவன் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியாகக் கதவு. கீலுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை. கீல் இருக்கும் பக்கத்து நிலைக்காலை நேராக வைக்கவில்லை. நூலளவு வெளிப்பக்கம் சாய்த்து வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். மூடிவிட்டுக் கையை எடுத்தால் அந்தக் கதவு நிற்காது. தன் பாரத்திலேயே மெதுவாகத் திறந்துகொள்ளும். மூடி வைக்க வேண்டுமென்றால் ஒரு தீக்குச்சியைச் செருக வேண்டும்.

ஸ்டெல்லாவைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தேன். தீக்குச்சியை உருவினேன். கதவு தானாகத் திறந்தது. அவள் கையைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. கதவை மூடினாள். அது திறந்தது. மறுபடி மூடினாள். சோறு ஆறிப்போகும் வரைக்கும் அதே வேலை.

"எம்மாந்தரம்டி மூடுவ?" என்று என் மனைவி புஷ்பம் கத்தினாள்.

"அதுவேதாம்மா தெறக்குது. நான் இன்னா பண்றது?"

மதிலைப் பற்றிக் கொஞ்சம்

கோயில் மதில் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிறு எரிகிறபோது எல்லாம் சேர்ந்துதான் எரியும்.

அந்த மதிலை நின்று கட்டியது நான். கடல் காற்று எந்தப் பக்கமிருந்து தின்னும், எங்கே பூச்சு தடிமனாக வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொன்னது நான். திறப்பு விழாவன்று கல்வெட்டுத் திரையை விலக்கினார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், அப்போதிருந்த சாமியார் பெயர், விழாவுக்கு வந்த பெரிய மனிதர் பெயர். வெயிலில் நின்று கறுத்தவன் பெயர் இல்லை.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்லில் வெட்டியதை என்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமாக நடக்கும்போது இன்றும் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

சீரோடு போன வீடு

ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா அமலதாஸ், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். என்னை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்? உப்புக்காரர். பேத்தி ஜெனி பிறந்து பேச ஆரம்பித்ததும் அவருக்குத் "தாத்தா" என்று பட்டம் கொடுத்தாள். எனக்கு "உப்புத் தாத்தா." ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றாள் புஷ்பம்.

சீர் வண்டியில் கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் ஏற்றி முடித்தபோது ஸ்டெல்லா வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பொம்மை வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுவும் என்னோட வரும்" என்று பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். எனக்கு ஒரே பெருமை.

சீரோடு போன பொருளைப் பெண் வீட்டுக்காரன் திரும்பக் கேட்கக் கூடாது. அதை என்ன செய்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேட்பதும் மரியாதை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மேலே போகிறேன்.

இடமில்லை என்ற வீடு

போன டிசம்பர் தொடக்கத்தில் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போயிருந்தோம். வாசலிலேயே பொம்மை வீடு ஒரு ஸ்டூலின் மேல் நின்றது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சம்பந்தி அதற்கு வேஷம் கட்டியிருந்தார். சுவரைச் சுற்றிச் செங்கல் வரைந்த சார்ட் பேப்பர். ஒவ்வொரு செங்கலும் தனித்தனி நிறம், நிழலோடு. கூரையில் பஞ்சைப் பிய்த்துப் பனி. தீப்பெட்டியில் புகைபோக்கி. ஜன்னலுக்கு மஞ்சள் கண்ணாடித் தாள், அதற்குப் பின்னால் சீரியல் பல்பு. புடவைக் கரையில் திரைச்சீலை. கதவில் ஒரு பச்சை வளையம், ஜெனியின் வளையலில் காகிதம் சுற்றிச் செய்தது.

நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு எரிய ஆரம்பித்தது. மோசமாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன்.

"வாங்க சம்பந்தி" என்றார் அவர், பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு. "எங்க தெரு அன்பியத்துல கிறிஸ்துமஸ் குடில் போட்டி வெச்சிருக்காங்க. எல்லாரும் மாட்டுத் தொழுவமே பண்ணுவாங்க. நான் இந்த வருஷம் சத்திரம் பண்றேன்."

"சத்திரமா?"

"மாதாவும் சூசையப்பரும் ராத்தங்க இடம் கேட்டு வந்தாங்கல்ல? இடம் இல்லன்னு கதவை சாத்துனாங்களே, அந்தச் சத்திரம். இதான் அது."

என் மகளுக்குத் திறக்க வேண்டும் என்று கட்டின வீட்டை, மாதாவுக்குத் திறக்காத வீடாக ஆக்கிவிட்டார். எனக்குக் காது சுட்டது.

"அதுக்கு வேற வூடு கெடைக்கலீங்களா?" என்றேன்.

"வீடு அழகா இருந்தாத்தான் சம்பந்தி, பாக்குறவனுக்கு உறுத்தும். குடிசை கதவை சாத்துனா யாருக்கு வலிக்கும்?"

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அவர் கதவை மூடிக் கையை எடுத்தார். அது திறந்துகொண்டது. மறுபடி மூடினார். திறந்துகொண்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இந்தக் கதவு ஒண்ணுதான் தொல்லை" என்றார். "சாய்மானமா நிக்குது. அந்தக் காலத்துல ஏதோ அவசரத்துல தட்டியிருப்பீங்க. பரவால்ல, ஒட்டிடலாம்."

அவசரத்திலாம்! ஒரு மழைக் காலம் முழுக்க உட்கார்ந்து செய்தவனைப் பார்த்துச் சொல்கிறார். நான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

"அப்பா, ஒண்ணும் பேசாதீங்க. மாமா ஆசையா செய்றாரு."

"அது நான் வெச்ச கதவுடி."

"எனக்குத் தெரியாதாப்பா? நீங்க பேசிட்டு பஸ் ஏறிப் போயிடுவீங்க. இங்க இருக்கறது நான்."

பெண்ணைக் கொடுத்தவன் நான். வெளியே வந்தபோது சம்பந்தி கதவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பசையைத் தடவி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன மரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கதவு

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மறுபடி போனோம். காலையிலிருந்து தூறல். வாசலில் பந்தல் போட்டுச் சாக்குத் திரையில் மலை வரைந்திருந்தார். பொம்மை வீட்டுக் கதவு ஒட்டினபடியே இருந்தது. அதன் முன்னால் மாதா சுரூபமும் சூசையப்பர் சுரூபமும். மாதாவின் முகம் கதவைப் பார்த்து. மத்தியானத்திலிருந்தே பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

சாமியாரும் அந்த இரண்டு அம்மாக்களும் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஸ்டெல்லா தட்டை என் கையில் கொடுத்து, "மாமா பேசி முடிச்சதும் குடுங்கப்பா" என்றாள். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பறைக் குரல்.

"ஃபாதர், இங்க தொழுவத்தைத் தேடாதீங்க. இது சத்திரம். பாருங்க, எல்லா ஜன்னல்லயும் வெளக்கு. உள்ள சந்தோஷமா இருக்காங்க. வெளிய ஒரு புள்ளத்தாச்சி நிக்கிறா. இவங்க இன்னா சொன்னாங்க? இடமில்ல."

அந்தச் சொல்லோடு அவர் கொஞ்சம் நிறுத்தினார். அப்போதுதான் அது நடந்தது.

சத்தமே இல்லை. கதவின் ஓரத்தில் பசை ஒரு வெள்ளை நாடாவைப் போல உரிந்து தொங்கியது. கதவு அசைந்தது. என் கதவு எப்போதும் திறக்கும் அதே வேகத்தில், அவசரமில்லாமல், முழுசாகத் திறந்துகொண்டது. உள்ளே இருந்த மஞ்சள் வெளிச்சம் வழிந்து மாதாவின் முகத்தில் விழுந்தது.

ஒரு அம்மா, "ஆண்டவரே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார். சாமியார் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன்.

"மாஸ்டர்! தெறக்குற மாதிரியே வெச்சிருக்கீங்களா?"

சம்பந்தி கதவைப் பார்த்தார். தொங்குகிற பசையைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார்.

"ஆமாம் ஃபாதர்" என்றார். "இந்த வருஷமாவது தெறக்கட்டுமேன்னு."

என்ன அழகாகச் சொன்னார்! எனக்கு ஒரு வருஷம் கொடுத்தாலும் அந்த வார்த்தை வந்திருக்காது. பேத்தி ஜெனி, "எங்க தாத்தா! எங்க தாத்தா!" என்று குதித்தாள். உப்புத் தாத்தா தட்டை நீட்டினான். சாமியார் ஒரு கல்கல் எடுத்துக்கொண்டு, "நீங்க மாஸ்டரோட சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"சம்பந்திங்க சாமி."

"குடுத்து வெச்சவங்க நீங்க."

ஸ்டெல்லா கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் சோறு ஆறும் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை. எல்லோரும் போன பிறகு என் தட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது துண்டு கேக்கை வைத்தாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பரிசு.

போனில் வந்த புகழ்

முதல் பரிசு அவருக்கு. மறுநாள் பூசையில் சாமியார் பிரசங்கமே அந்தக் கதவைப் பற்றித்தான். குடிலைக் கோயில் முகப்புக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: "குடில் அமைப்பு: அமலதாஸ் மாஸ்டர்." எழுத்தெல்லாம் அவர் கையாலேயே, பூ வேலையோடு.

அதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மரக்காணத்துக்கு நான் வந்து சேருவதற்கு முன்னால் அது வந்துவிட்டது. டீக்கடையில் அந்தத் தச்சன், கோழிக் கூண்டா என்று கேட்டவன், போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"பாத்தியா சவரிமுத்து, உன் சம்பந்திக்கு இன்னா மூளைன்னு! கதவு தானா தெறக்குது. படிச்சவன் படிச்சவன்தான்."

"அந்தக் கதவு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறிப்போச்சு."

வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம் கொட்டினேன். "வுடுங்க. பொண்ணு குடுத்த எடம்" என்றாள். "சீரா குடுத்தாச்சு. அப்புறம் அது அவுங்க வூடு, அவுங்க கதவு."

"வூட்ட குடுத்தேன். பேரை குடுக்கலியே."

"பேரை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதிலுக்கு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பவனுக்குத்தான் அது தெரியும்.

சம்பந்திக்கு

கிறிஸ்துமஸ் முடிந்து நாங்கள் கிளம்பும்போது கேட் வரைக்கும் என்னோடு வந்தீர்கள், சம்பந்தி. யாரும் பக்கத்தில் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "ஆமா, அந்தக் கதவு ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

"தெரியலீங்களே" என்றேன். இப்போது சொல்கிறேன். அது உப்புக் குடித்த பலகை. தூறல் ஈரத்தில் அதற்கு வியர்க்கும், எந்தப் பசையும் அதில் நிற்காது. பசை விட்டதும் கதவு தானாகத் திறந்தது, நிலைக்காலைச் சாய்த்து வைத்திருந்ததால். சாய்த்தது அவசரத்தில் இல்லை. திறக்காத கதவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குழந்தைக்காக.

இந்த வார இதழ் உங்கள் வீட்டுக்கு வருகிறது, வாசகர்கள் எழுதும் இந்தத் தொடரை நீங்கள் படிக்கிறீர்கள் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். அவள் மேல் கோபப்படாதீர்கள். அவள் என்னைப் பேச விடவில்லை. நானும் உங்கள் வாசலில் பேசவில்லை. இங்கே எழுதுகிறேன்.

செங்கல் உங்களுடையது. பனி உங்களுடையது. சத்திரம் என்ற யோசனை உங்களுடையது, அது எனக்குச் செத்தாலும் வந்திருக்காது. "இந்த வருஷமாவது தெறக்கட்டுமே" என்ற வார்த்தையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பரிசும் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரு வரி.

வருகிற கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டை மறுபடி வெளியே எடுப்பீர்கள். பக்கத்தில் அட்டை வைப்பீர்கள். உங்கள் பெயருக்குக் கீழே, "வீடும் கதவும்: மரக்காணம் சவரிமுத்து" என்று எழுதுங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி. ஆனால் உங்கள் கையாலேயே எழுதுங்கள், சம்பந்தி. உங்கள் கையெழுத்து எனக்கு வராது.